உள்கொளுக்கி

கூலர் லொறியை உள்ளே இருந்து திறக்க முடியாது.
மீனுக்கு எதற்குக் கொளுக்கி?
களுவாஞ்சிக்குடியிலிருந்து பேலியகொடைக்குப்
பாரையும் சூரையும் உடைத்த ஐஸும்
பதினொரு வருசம் இரவிரவாகப் போனது இதில்தான்.
எஞ்சின் இளைத்ததும் முதலாளி
சம்பளப் பாக்கிக்குச் சாவியைக் கொடுத்துவிட்டார்.

தயாபரன் கிரைண்டர் பிடித்து
வலமொன்று இடமொன்று ஜன்னல் வெட்டினான்.
மஞ்சள் ஃபோம் தூள் பறந்து
கிணற்றடி வாழையெல்லாம் முட்டை பொரித்தது.
பலகைக் கட்டில், ஒற்றை காஸ் அடுப்பு, தண்ணீர்க் கான்.
திரைக்குத் துணி வாங்கக் காசில்லை.
அபிநிஷாவின் டியூஷன் சேர் கழித்துவிட்ட பேனரை
மடித்துத் தைத்தேன்:
'தரம் ஆறு விஞ்ஞானம்' வலப்பக்கம்,
சேரின் பாதிச் சிரிப்பு இடப்பக்கம்.
டெட்டோல் ஊற்றினோம். தேசிக்காய் தேய்த்தோம்.
சாம்பிராணி போட்டோம்.
எல்லாம் சேர்ந்து
கோயிலுக்குப் போய்வந்த மீனின் மணம்.

வெள்ளாப்பில் வெளிக்கிட்டோம்.
காரைதீவுச் சந்தியில் மேற்கே கிறுகி
மாவடிப்பள்ளியில் இருபக்கமும் தண்ணீர் பார்த்து
சம்மாந்துறையில் ரொட்டிக்கு நிறுத்தினால்
பின்கதவடியில் ஐந்து பூனைகள்,
முறைப்பாடு கொடுக்க வந்ததுபோல வரிசையில்.
மல்வத்தை தாண்டப் பெயர்ப்பலகைகளில்
எங்கள் எழுத்து ஒரு படி கீழே இறங்கியது.

சாரதிக் கதவின் விளிம்பில் பெயின்ட் போன ஓர் இடம்,
அவன் முழங்கை அளவு.
கண்ணாடிக்கு மேலே என் பாஸ்போட் படம்,
ஈரத்தில் ஊறி மூக்கு அழிந்து.
"புதுசு ஒண்டு கேட்டிருக்கலாமே?"
"ஆரெண்டு தெரியுதுதானேகா."
எத்தனை இரவு போனில் கேட்டிருப்பேன், எங்க நிக்கிறீங்க என்று.
அவன் சொன்ன ஊர்கள் எனக்குச் சத்தங்கள் மட்டும்:
மஹா ஓயா என்றால் தவளை,
பதியத்தலாவை என்றால் தேத்தண்ணி ஆற்றுவது.

இங்கினியாகலை.
கந்தோர்க்காரர் பின்கதவைத் திறந்து மூக்கைச் சுழித்தார்.
"மாளுத?"
"மாளு நெவெயி மாத்தயா, மினிஸ்ஸு" என்றாள் அபிநிஷா.
பள்ளிக்கூடச் சிங்களம் அன்றுதான் உத்தியோகம் பார்த்தது.
மீனல்ல, மனிசர்தான்.
ஆனாலும் இரவு பூங்காவுக்குள் தங்க முடியாதாம்.
படகுக்கு ரிக்கெட் தந்து, லொறியை
அணைக்கட்டுக்குக் கீழே ஹீன்மெனிக்காவின்
கடை வளவில் விடச் சொன்னார்.

சமுத்திரம் என்று இதற்குப் பேர் வைத்தவர்
எங்கள் கரைக்கு வந்திருக்கமாட்டார்,
அந்த இளக்காரத்தோடுதான் படகேறினேன்.
எங்கள் கடல் வரும், போகும்.
இது மலைகளுக்கு நடுவே வந்தது, இருந்துவிட்டது.
படகுக்காரர் எஞ்சினை நிறுத்தினார்.
தீவுக்கும் தீவுக்கும் இடையில்
ஒரு தும்பிக்கை, பின்னால் கறுத்த முதுகு,
அதற்கும் பின்னால் சின்னதாய் இன்னொரு தும்பிக்கை,
மூச்சு விடுவது எங்களுக்கே கேட்டது.
"யானைக்கு ஆரப்பா நீச்சல் பழக்கின?"
கடல் கரையில் பிறந்தும் நீந்தத் தெரியாத தயாபரன்
படகு விளிம்பை விடவே இல்லை.

மம்மலில் ஹீன்மெனிக்கா வந்து
கைப்பாஷையில் எச்சரித்தாள்: உப்பு வெளியில் வைக்காதே.
உப்பா?
இந்த லொறி முழுக்கவே உப்புத்தானே.

நடுச்சாமத்தில் வீடு ஆடியது.
யாரோ பெரிய ஒருவர் முதுகு சொறிகிறார்.
சேரின் பாதிச் சிரிப்பு நெளிந்தது.
தயாபரன் இருட்டில் கை நீட்டித்
தான் வெல்டு பண்ணிய கொளுக்கியைத் தடவிப் பார்த்தான்.
"உள்ளுக்க நிண்டு இதைப் பூட்டினது
இண்டைக்குத்தான்" என்றான், காதுக்குள்.
பதினொரு வருசத்துக்கு அது ஒரு வரி.
நான் எதுவும் சொல்லவில்லை.
அவன் கைக்கு மேல் என் கையை வைத்தேன்,
கொளுக்கி சில்லென்று இருந்தது.

விடிந்ததும் கதவு திறந்தோம்.
ஜன்னல் உயரத்துக்குச் சேறு,
வெளித்தாழ்ப்பாள் வளைந்து, துளைக்குள் போகாமல்.
சுத்தியல் எடுக்கப் போனவனை
இருக்கட்டும் என்றேன்.
அபிநிஷா பசிக்குது என்றாள்.
அணைக்கட்டுப் பக்கம் ஒரு காகம்
எங்கள் மணத்தைப் பற்றி
மற்றக் காகங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.